பேருரைக்கு வந்த சீர்

என் தொழில் தாய்மாமன். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் பாடி வைத்திருக்கிற கவிதைகளில் தாய்மாமனுக்கும் தங்கை பிள்ளைக்கும் இடையில் என்ன இருந்தது, யார் யாருக்காகச் செத்தார்கள், யார் யாரைக் கைவிட்டார்கள் என்று ஆராய்வதுதான் முப்பது வருடமாக நான் செய்துவரும் வேலை. கலாநிதிப் பட்டம் வாங்கியது அதில். புத்தகம் எழுதியது அதில். அண்மையில் பேராசிரியர் பதவி கொடுத்ததும் அதற்காகத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த முப்பது வருடமும் என் சொந்தத் தாய்மாமன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மாமனைப் பற்றி எழுதி எழுதிச் சம்பளம் வாங்கினேன். மாமன் பூண்டுலோயாவில் உட்கார்ந்துகொண்டு, என் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்றைக்கு இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது என்றால், என் பேருரை அன்றைக்கு நடந்த கூத்துதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனார். அம்மாவின் அண்ணன்தான் மாமா. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி டிரைவர். துரைக்கும் கிளாக்கருக்கும் அடுத்த மரியாதை லொறி டிரைவருக்குத்தான் என்று அவர் நினைத்தார், மற்றவர்களையும் அப்படியே நினைக்க வைத்தார்.

நான் பெரியவளானபோது சடங்குக்குக் குடிசை கட்டத் தென்னை ஓலை வேண்டும் என்று நின்றார். எங்கள் உயரத்தில் தென்னை ஏது? மலையில் கிடக்கிற பன்னைத் தழையை வைத்துக் கட்டினால் போதாதா என்று அப்பா கேட்டதற்கு, என் தங்கச்சி மகளுக்குத் தழையா என்று ஒரு முறை முறைத்தார். தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன லொறி, திரும்பி வரும்போது பச்சை ஓலையும் இளநீர்க் குலையும் ஏற்றிக்கொண்டு எங்கள் லயத்து வளைவில் வந்து ஹோர்ன் அடித்தது. துரைக்குத் தெரிந்து மாமாவிடமிருந்து லொறிச் சாவியைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மாமன் என்றால் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆங்கிலம் படிக்கப் போனேன். அங்கே வந்திருந்த கொழும்புப் பிள்ளைகள் தூக்கத்திலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். நான் ஒரு வசனம் சொல்வதற்குள் மூன்று முறை மனதுக்குள் திருத்திப் பார்ப்பேன், அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். பழைய ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருந்தது. அதற்கு யாரும் போக மாட்டார்கள். நான் போனேன். ஏனென்றால் அந்த மொழியில் எல்லோரும் ஊமைதான். இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் அதில் ஒரு சொல்லும் விளங்காது. கொழும்புக்காரியும் என்னோடு உட்கார்ந்து வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும். மனப்பாடம் என்று வந்துவிட்டால் தோட்டப் பாடசாலையில் படித்தவளை யார் அடிக்க முடியும்? அந்த வகுப்பில்தான் முதல் முறையாக நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், மகள் என்ன படிக்கிறாள் என்று. இங்கிலீசு என்பாள். ஆங்கில டியூஷன் கொடுப்பாளா என்று அடுத்த கேள்வி வரும். "இல்ல, இவ படிக்கிறது செத்துப்போன இங்கிலீசு" என்று அம்மா விளக்கம் சொல்வாள். கேட்டவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போய்விடுவார்கள்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு போர்க்களப் பாட்டு வாசித்தோம். விழுந்து கிடக்கிறவர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் தலைவனுடைய சகோதரியின் மகன் என்று கவிஞன் நிறுத்திச் சொல்கிறான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை எங்களைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியே எனக்கு வினோதமாக இருந்தது. மாமன் முன்னால் நிற்கும்போது மருமகன் வேறெங்கே போவான் என்று கேட்டேன். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் சொல், இன்னும் சொல் என்றார். என் தொழில் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. பட்டம் முடிந்ததும் இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது.

உதவித்தொகைச் செய்தி வந்த வாரத்திலேயே மாமா தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள். தன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும், அதற்குப் பிறகு சீமைக்குப் போனாலும் சரி, செவ்வாய்க்குப் போனாலும் சரி என்றார். முறைமாப்பிள்ளை, உரிமை அவருக்கு இருந்தது. அந்த மச்சான் கெட்டவனும் இல்லை. ஆனால் அவன் முதல் நாளே ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தான். லிந்துலையில் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டானாம். "நீயே வேணாம்னு சொல்லிரு புள்ள. நா சொன்னேன்னா அப்பா என்னையக் கொன்னுருவாரு" என்றான். எனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். ஆனால் ஏச்சு வாங்குவது மட்டும் நான். நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்?

வேண்டாம் என்று சொன்னேன். எனக்காக மட்டும் சொல்வது போலவே சொன்னேன். மாமா எழுந்தார். அம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, இனி மாமன் இருக்கிறான் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளாதே என்றார். அதோடு சரி. அந்த மச்சானுக்கு மறு வருடமே லிந்துலைப் பெண்ணைக் கட்டிவைத்தார், அதுவும் என் மேலிருந்த வீம்புக்காக. அவன் சந்தோஷமாகத் தாலி கட்டினான்.

மாமன் இருக்கிறான் என்று எங்கேயும் சொல்லாதே என்று சொன்ன மனிதரை, நான் அதற்குப் பிறகு போன இடமெல்லாம் சொன்னேன். அதுதான் என் ஆராய்ச்சி. இங்கிலாந்தில் எனக்கு வாய்த்த பேராசிரியர் தங்கமானவர். அவர் எந்தக் கவிதையை எடுத்தாலும் அப்பனையும் மகனையும் தேடுவார். நான் அம்மாவின் அண்ணன் யார் என்று தேடுவேன். அந்தக் கால ஆங்கிலத்தில் அப்பாவின் சகோதரனுக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரனுக்கு இன்னொரு சொல் இருந்தது. பிறகுதான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். தங்கை மகன் இறந்தால் கவிஞன் ஏன் அதிகமாக அழுகிறான் என்பதற்குப் பெரிய பெரிய கோட்பாடுகளெல்லாம் இருந்தன. காது குத்தும்போது எங்கள் தோட்டத்தில் மாமன் மடியில்தான் பிள்ளையை வைப்பார்கள், மாமன் வர நேரமானால் ஆசாரியே காத்திருப்பான் என்று சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்தேன், விரிவுரையாளரானேன், வெயிலும் மழையும் பாராமல் அந்தச் செத்த மொழியைக் கற்பித்தேன். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். எனக்குக் கிடைத்ததே என்பேன். கட்டுரைகள் வெளிவந்தன, புத்தகம் வந்தது. ஒவ்வொரு முறை தாய்மாமன் என்று எழுதும்போதும் எனக்குக் கண்ணில் வந்து நிற்பது ஈட்டி பிடித்த வீரன் அல்ல. ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு ஓலை ஏற்றிவந்த மனிதர்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இடையில் அப்பா இறந்தார். புருஷனை இழந்த தங்கைக்குக் கோடிச் சேலை போட வேண்டியது அண்ணன் கடமை. மாமா வந்தார், போட்டார். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார், என்னைத் தாண்டித்தான் வெளியே வந்தார். வாசலுக்கு வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மயானத்திலிருந்து நேரே பூண்டுலோயாவுக்குப் போனார். அப்பா போன துக்கம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு அழுதேன்.

இப்படியிருக்கையில்தான் பேராசிரியர் பதவி வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவர் பேராசிரியரானால் எல்லோர் முன்னாலும் ஒரு பேருரை ஆற்ற வேண்டும். கறுப்பு அங்கி, ஊர்வலம், உபவேந்தர், முன்வரிசையில் பெரியவர்கள் எல்லாம் உண்டு. அழைப்பிதழ் அச்சாகி வந்ததும், கெட்டிக்காரத்தனமாக அதைப் படம் எடுத்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்பினேன். மச்சானுக்கும் போயிற்று. இப்போது பூண்டுலோயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். அன்று மாலையே போன் எடுத்தான். அப்பா பார்த்துவிட்டார் என்றான். என்ன சொன்னார் என்று கேட்டேன். "விசேஷத்துக்குப் போன்லயா கூப்பிடுறாங்கன்னு கேட்டாரு" என்றான்.

கேட்டார் என்றால், எதிர்பார்த்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அடுத்த சனிக்கிழமையே வட்டகொடைக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் பூண்டுலோயாவுக்கு இறங்கினேன். மடியில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஆங்கிலத்தில் அச்சடித்த அழைப்பிதழ். மாமா வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆயிரம் வருடத்து மாமன்களைப் பற்றிப் பேசும்போது என் மாமன் இல்லாத மண்டபத்தில் நின்று எப்படிப் பேசுவது?

மாமா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தொட்டுவிட்டார், ஆனால் மீசை மட்டும் அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அத்தைதான் வாங்க வாங்க என்று தட்டை வாங்கி வைத்தாள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, என்ன விசேஷம் என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார். நான் எதிரிலேயே நிற்கிறேன்! பேராசிரியர் ஆகிவிட்டாள், சபையில் பேசப் போகிறாள் என்று அம்மா சொன்னாள். எதைப் பற்றிப் பேச்சு என்று மறுபடியும் அத்தையிடம் கேட்டார். மச்சான் அழைப்பிதழை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்து, "தாய்மாமனப் பத்திப்பா" என்றான்.

டிவியில் யாரோ விளம்பரத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமா ரிமோட்டை எடுத்து அதை நிறுத்தினார். சபையில் வைத்துத் தாய்மாமனைப் பற்றி என்ன சொல்லப் போகிறாளாம் என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நான் அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன், பல்கலைக்கழகத்தைக் கூட்டிவைத்துப் பஞ்சாயத்து பேசப் போகிறேன் என்று மனிதர் நினைத்துவிட்டார். இல்லை மாமா, இது இங்கிலீஸ்காரர்களின் மாமன், செத்து ஆயிரம் வருடமாயிற்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? முப்பது வருடம் கழித்து வீடு தேடி வந்தவளை முகம் பார்க்காமல் விசாரணை செய்கிறார்! "வந்து கேட்டுக்கச் சொல்லுங்க அத்தை" என்றேன்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். படித்தவள் படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்கிறேன், வாயை மட்டும் எங்கேயும் கொண்டுபோய்ப் படிக்கவைக்கவில்லையே என்றாள். ஓட்டோக்காரப் பையன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம்தான் கூடியது. கோபத்தோடு திரும்பிப் போய் உரையில் புதிதாக இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன். அந்தக் கவிதைகளில் நல்ல மாமன்கள் மட்டும் இல்லை. தங்கை பிள்ளையைக் கைவிட்டவர்களும், அதன் மேலேயே கத்தி தூக்கியவர்களும் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுப் பேசினால் ஆராய்ச்சி அரைகுறை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேருரை நாள் வந்தது. அங்கியைப் போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் நிற்கிறேன். நான் உடுத்தியிருந்தது சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை, பேராசிரியைக்கு ஏற்ற மாதிரி அடக்கமாக. முன்வரிசையில் அம்மா தனியாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உபவேந்தர் வந்துவிட்டார், ஊர்வலம் நகர வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துக் காவலாளி ஓடிவந்தார். பெரஹர ஒன்று, ஊர்வலமே வந்திருக்கிறது மிஸ் என்றார் சிங்களத்தில்.

எட்டிப் பார்த்தேன். மாமரத்தடியில் ஒரு வேன். அதிலிருந்து தட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, பூத் தட்டு, கற்கண்டுத் தட்டு, லட்டுத் தட்டு, ஐசிங் போட்ட கேக் ஒன்று, நுவரெலியா ஸ்ட்ரோபெரி ஒரு தட்டு, ஒற்றைப்படையாக வர வேண்டும் என்பதற்காகக் கடைசி நேரத்தில் சேர்த்த பிஸ்கட் தட்டு ஒன்று. பூண்டுலோயாவிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாக ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். தப்பு மேளத்தையும் கொண்டுவந்திருந்தார்கள், காவலாளி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் அது வேனிலேயே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் பட்டு வேட்டி, பட்டுச் சால்வையோடு மாமா. அவர் கையிலிருந்த தட்டில் கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டுச்சேலை.

எனக்கு விளங்கியது. சபையில் மாமனைப் பற்றிக் குறை சொல்லப் போகிறாள், சொல்வதற்கு முன்னால் சீரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் எவன் என்ன சொல்ல முடியும்? மனிதர் அதற்காகத்தான் அத்தனை தட்டோடு வந்திருக்கிறார். எதற்காக வந்தாரோ, வந்துவிட்டார். அவர் நேரே என் முன்னால் வந்து நின்று, தட்டை நீட்டி, முப்பது வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"கட்டிக்கிட்டு வா" என்றார்.

மாமன் கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபையில் உட்கார வேண்டும். முறை அதுதான். இந்தப் பக்கம் உபவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அந்தப் பக்கம் மாமா அசையாமல் நிற்கிறார். யார் இவர் என்று உபவேந்தர் சிங்களத்தில் கேட்டார். "மகே மாமா", என் மாமா என்றேன். அம்மாவின் அண்ணன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உபவேந்தர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். அவர்களுக்கும் மாமா என்றால் அதே மாமாதான். ஒரு நிமிடம் தட்டுகளைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்துக் கைகூப்பினார். போய்க் கட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார். இங்கிலாந்துப் பரீட்சகர்களுக்கு ஓர் அத்தியாயம் முழுக்க எழுதி விளக்க வேண்டியிருந்ததை இந்த மனிதருக்கு ஒரு சொல்லில் சொல்லி முடித்தேன்.

பெண்கள் கழிவறையில் அத்தை எனக்கு ஊசி குத்திச் சேலை கட்டிவிட்டாள். குத்தும்போதே, இந்தக் கிளிப்பச்சைக்காக ஹட்டன் கடைத்தெருவில் ஒரு கடை பாக்கி வைக்கவில்லை, மனிதர் எந்தச் சேலையைக் காட்டினாலும் இது படித்த பிள்ளைக்கு எடுக்காது என்று தள்ளிவிட்டார் என்று சொன்னாள். வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, கறுப்பு அங்கியோடு மாமாவின் காலில் விழுந்தேன். அங்கி தடுக்கி நெற்றி தரையில் இடித்தது. அவர் மடியிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசிவிட்டார். கை என் தலையில் கொஞ்ச நேரம் இருந்தது.

பேருரை ஆரம்பமாயிற்று. மாமா முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில், உபவேந்தரின் மனைவிக்காக ஒதுக்கியிருந்த கதிரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்து மச்சான், மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு. நான் ஒரு வசனம் சொல்ல, மச்சான் மாமாவின் காதில் ஒரு வசனம் சொல்வான். அவன் ஆங்கிலம் ஆணிக்கும் பெயின்ட்டுக்கும் போதுமானது, ஆனாலும் விடவில்லை. மாமா விசாரணைக் கைதி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாமன் பக்கத்தில் நின்று போரிட்டவர்களைப் பற்றிச் சொன்னேன். மாமன் கொடுத்த வாளைப் பற்றிச் சொன்னேன். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் பக்கத்தைப் புரட்டினேன். கோபத்தில் எழுதிச் சேர்த்த அந்த இரண்டு பக்கம்.

விட்டுவிடலாமா? என் துறைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைச் சேர்த்தது கோபத்தில் என்றாலும், அதில் இருந்தது பொய் இல்லை. மாமன்கள் எல்லோரும் தெய்வங்கள் என்று முடித்தால் அது புகழ்மாலை, ஆராய்ச்சி இல்லை. உள்ளது உள்ளபடி சொல்வதற்குத்தான் இந்த அங்கியைத் தந்திருக்கிறார்கள். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கொடுத்த சேலை என் உடம்பில் இருக்கிறது. தண்ணீர் குடித்தேன். வாசித்தேன். கைவிட்ட மாமன்களைப் பற்றி, முகம் திருப்பிக்கொண்ட மாமன்களைப் பற்றி, ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு மாமாவின் காதுப் பக்கம் சாய்ந்தான். நான் சொன்னதைவிட நீளமாக என்னமோ சொன்னான். மாமா கேட்டார், மீசையைத் தடவினார், தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று இப்போதும் ஞாபகமில்லை, கை தட்டினார்கள்.

அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே கிளிப்பச்சைச் சேலையோடு அவர்களுடைய வேனிலேயே மலையேறினேன். மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். பின்னால் மச்சானைப் பிடித்து, அந்த இடத்தில் காதில் என்னடா சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன். "அந்தக் காலத்துல சில மாமனுங்க பெரிய கோவக்காரங்களாம்ப்பா, வருசக் கணக்குல பேச மாட்டாங்களாம், ஆனா சீரு மட்டும் விட்டதில்லையாம்னு சொன்னேன்" என்றான். அடப்பாவி என்றேன். லிந்துலைக் கடன் தீர்ந்தது என்று சொல்லிக் கண்ணடித்தான். பக்கத்திலிருந்த அவன் பெண்டாட்டி, என்ன கடன் என்று கேட்டாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

வட்டகொடைக்கு வந்தபோது மிஸ்ட் இறங்கத் தொடங்கியிருந்தது. பூண்டுலோயாவுக்குப் போகிறவர்கள் அம்மாவையும் என்னையும் இறக்கிவிட்டுப் போக வேண்டும். இறங்கினோம். லயத்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். வேன் முன்கதவு திறந்தது. மாமா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். முப்பது வருடத்துக்கு முன்னால் எந்த இடத்தில் போட்டுக்கொண்டு போனாரோ அதே இடத்தில். உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணீர் வந்தது. மாமா ஊதி ஊதி அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், சந்தோஷத்தில்தான்.

"அவன் மழுப்புறான்" என்றார் மாமா, வெளியே வேன் பக்கம் காட்டி. "அந்த ஒரு எடத்துல ஒனக்குக் கொரல் எறங்கிப் போச்சு. என்னையத்தானே திட்டுன?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஒங்களையும்தான் மாமா" என்றேன்.

"திட்டு. சீர் செஞ்சாச்சு. இனி நீ என்னா திட்டுனாலும் எனக்கு ஒட்டாது."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து. மாமா எழுந்து வாசல் வரை போய், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே திரும்பினார். உனக்குப் பென்சன் எப்போது என்று கேட்டார். இப்போதுதானே மாமா பேராசிரியர் ஆகியிருக்கிறேன், அறுபத்தைந்தில்தான் பென்சன், அதற்கு இன்னும் வருஷம் இருக்கிறது என்றேன். அன்றைக்கும் இதே மாதிரி சபையில் உட்கார வைப்பார்களா என்று கேட்டார். வைப்பார்கள் என்றேன்.

"அதுக்கும் மாமன் சேலதான் கட்டணும்" என்றார். "கொஞ்சம் வெரசாவே பென்சன வாங்கிக்க தாயி. நா ரொம்ப நாளைக்கு நிக்க மாட்டேன்."

"சரி மாமா, சீக்கிரமே வாங்கிக்கிறேன்" என்று சொன்னேன்.